காளியப்பன் பெயரில் போன என் போத்தல்

தெரணியகலையிலிருந்து அவிசாவளைக்குப் போகும் காலை பஸ். செக் பொயிண்டில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அது வழக்கம்தான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கையில் அடையாள அட்டை, தோளில் பை. மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் ரப்பர் இலைகள் ஒட்டிக் கிடந்தன.

எனக்கு முன்னால் ஒன்பது பேர். நான் நின்ற நிலை சரியில்லை. வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறிக்கொண்டே இருந்தேன். அடிவயிற்றில் யாரோ கொதிக்கிற கேத்தலை இறக்கி வைத்தது போல இருந்தது.

என் முறை வந்தது. மீசை அரும்பிய ஒரு சிப்பாய் பையைத் திறந்தான். ஒரு சால்வை, ஒரு குடை, ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. தாளைப் பிரித்தான். மஞ்சள் திரவம் நிறைந்த போத்தல்.

"மே மொகத்த?" என்றான். இது என்ன என்று கேட்டபடியே இரண்டு அடி பின்னால் போனான். வரிசையில் நின்றவர்கள் நான்கு அடி போனார்கள்.

"மூத்திரம்," என்றேன் சிங்களத்தில்.

"யாருடையது?"

ஒரு மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இவ்வளவு சுலபமானது வேறு இல்லை. இருந்தும் நான் யோசித்துத்தான் சொன்னேன். "நோயாளியுடையது. சோதிக்க லெப்புக்குக் கொண்டு போகிறேன். நான் தோட்டத்து டிஸ்பென்சர்."

சத்தம் கேட்டு வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். போத்தலில் ஒட்டியிருந்த லேபலை வாசித்தார். "காளியப்பன். வயது ஐம்பத்தெட்டு." என் அடையாள அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். அவை அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

"நோய் காளியப்பனுக்கு என்றால் நீங்கள் ஏன் ஆடுகிறீர்கள்?"

பஸ்ஸே சிரித்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அவ்வளவு ஒற்றுமையாகச் சிரித்ததை அந்தக் காலத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரோட்டோரப் பற்றைக்குப் பின்னால் போக அனுமதி கிடைத்தது. துணைக்கு அந்தச் சிப்பாய், துப்பாக்கியுடன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வரவில்லை. துப்பாக்கி முதுகுக்குப் பின்னால் இருந்தால் யாருக்குத்தான் வரும் என்று நீங்கள் கேட்கலாம். துப்பாக்கி இல்லாத என் வீட்டிலும் எனக்கு அப்படித்தான். பஸ் ஹோர்ன் மூன்று தடவை அடித்தது. கடைசியில் பத்துச் சொட்டு விட்டுவிட்டு, பெரிய வேலை முடித்தவன் போலத் திரும்பி வந்தேன்.

சார்ஜன்ட் போத்தலை மறுபடி தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மாத்தயா, என் தகப்பனும் இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார். போத்தல் மட்டும் போனால் போதாது. ஆளும் போக வேண்டும்."

"நோயாளியிடம் சொல்கிறேன்," என்றேன்.

முப்பது வருடப் பெருமை

இந்த வாரம் இதைத்தான் எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி மனோன்மணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஊரு பூரா படிக்கிற பேப்பர்ல ஒன்னுக்குப் போன கதையா?"

"ஒன்னுக்குப் போகாத கதை," என்றேன்.

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்தவன். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குத் தையல், வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணீர். அதற்கு மேலே போனால் அவிசாவளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு. ஆனால் தொழிலாளர் வசித்த லயத்தில் எல்லோரும் என்னை 'டாக்டரய்யா' என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வருடம் நான் மறுத்தேன். இரண்டாவது வருடம் மறுப்பதை நிறுத்தினேன். மூன்றாவது வருடம், வெறும் 'அய்யா' என்று கூப்பிட்டவனை முறைத்துப் பார்த்தேன்.

நீர்க்கடுப்பு என்று யார் வந்தாலும் என்னிடம் ஒரு சொற்பொழிவு தயாராக இருக்கும். தண்ணி குடி. அடக்கி வைக்காதே. வெயிலில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து வெறும் பிளேன்டீயைக் குடித்தால் மூத்திரம் எப்படிப் போகும்? பார்லியை அவித்துக் குடி. பொல்பலாச் செடி வேலியோரம் கிடக்கிறது, பிடுங்கி அவித்துக் குடி. கை தட்டாத குறையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

நானோ, ஐம்பத்துநாலு வயதில், தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். குடித்தால் போக வேண்டும். போனால் நிற்க வேண்டும். நின்றால் வராது. வந்தாலும் முடியாது. முடிந்தது என்று வேட்டியைச் சரிசெய்தால் அப்போதுதான் வரும். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்பு கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.

மனோன்மணி கேட்டாள். "என்னங்க, ராத்திரிக்கு நாலு தடவ எந்திரிக்கிறீங்க?"

"வயசுக்காரனுக்கு அப்படித்தான். நான் டிஸ்பென்சரா, நீ டிஸ்பென்சரா?" என்றேன். பாவம், அவள் அடுப்படிக்குப் போனாள்.

ஒரு போத்தலைக் கொட்டினேன்

காளியப்பன் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒல்லியான மனிதர். வாய் மட்டும் பெரியது. ஒரு திங்கட்கிழமை டிஸ்பென்சரி ஜன்னலில் வந்து நின்றார்.

"அய்யா, முட்டிக்கிட்டு நிக்குது. போய் நின்னா வர மாட்டேங்குது. வந்தாலும் நூலு மாதிரி வருது. மரத்துல பால் வடியிறதுகூட இதவிட வேகமா வடியுங்க."

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. என் கதையை எனக்கே ஒருவன் ஜன்னல் வழியாக, பத்துப் பேர் கேட்க, வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்! எனக்குக் கோபம்தான் வந்தது.

"மெதுவாப் பேசு. போத்தல் தாரேன், நாளைக்கு மூத்திரம் கொண்டா. லெப்புக்கு அனுப்புறேன்."

மறுநாள் கொண்டுவந்தார். அவர் பெயரை எழுதி ஒட்டினேன். அதுவரைக்கும் நான் நல்லவன்.

அவிசாவளைக்குப் புறப்படும் காலையில்தான் புத்தி கெட்டது. எனக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பல மாதமாக ஆசை. ஆனால் அந்த லெப்பில் வேலை செய்தவன் மனோன்மணியின் சித்தப்பா மகன். என் பெயரைப் பார்த்தால் பொழுது சாய்வதற்குள் அவள் குடும்பம் முழுவதற்கும் தெரிந்துவிடும். லெப்புக்கான கடிதம் இருந்ததோ காளியப்பன் பெயருக்கு ஒன்றுதான்.

அவருடையதை வாஷ் பேசினில் கொட்டினேன். போத்தலைக் கழுவினேன். என்னுடையதை ஊற்றினேன். அதற்கே கால் மணி நேரம் பிடித்தது என்பது வேறு விஷயம். அவருடையதை அடுத்த வாரம் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ரிப்போட்தான் வந்தது. சர்க்கரை இல்லை, சீழ் இல்லை, ஒன்றுமில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். காளியப்பன் வந்து கேட்டார்.

"என்னங்கய்யா சொல்லியிருக்கு?"

"உன் மூத்திரம் சுத்தமா இருக்கு. தண்ணி நல்லாக் குடி."

அந்த ரிப்போட் துண்டை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

என் மருந்து என்னையே பிடித்தது

சில மாதங்கள் கழித்து ஓர் அடைமழை. எனக்குத் தடிமன் பிடித்தது. அலுமாரியில் சளிக்கென்று நான் எல்லோருக்கும் கொடுக்கிற சின்ன மாத்திரை இருந்தது. காலையில் இரண்டு போட்டேன். மூக்கு நின்றது. பத்து மணிக்கெல்லாம் மற்றதும் நின்றது.

முழுதாக நின்றுவிட்டது. பத்துச் சொட்டுக்கூட இல்லை. மத்தியானத்தில் தொப்புளுக்குக் கீழே இளநீர்க் காய் மாதிரி திரண்டு நின்றது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். முழங்காலிட்டுப் பார்த்தேன். சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்களையும், அயலில் இருந்த பன்சலைப் புத்தரையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

மனோன்மணி கதவைத் தட்டினாள். "ஒரு மணி நேரமா உள்ள என்னங்க பண்றீங்க?"

"ஒன்னுமில்ல," என்றேன். சொன்னது முழு உண்மை.

பிறகு அழுதுவிட்டேன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் வயிற்றைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் ஓடிப்போய்ச் சொல்லி, கொழுந்து ஏற்றுகிற லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவிசாவளை வரைக்கும் அந்த ரோட்டில் எத்தனை குழி என்று என்னைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் எனக்கு நேரடிப் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் என் மகள் வயதில் ஒரு டொக்டர் பிள்ளை. "பெயர்?" என்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டு என் சொந்தப் பெயரைச் சொன்னேன்.

அவள் குழாய் போட்டாள். அந்த நிமிடத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதலாம், ஆசிரியர் இடம் தரமாட்டார். ஒரு பாத்திரம் நிறைந்தது, மாற்றி வைத்த பாத்திரமும் நிறைந்தது. கல்யாணம், முதல் பிள்ளை, முதல் சம்பளம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

"சளிக்கு மாத்திரை ஏதாவது போட்டீர்களா?" என்றாள் சிங்களத்தில்.

"போட்டேன்."

"உங்கள் வயதுக்காரர்களுக்கு அது சில நேரம் மூத்திரத்தை அடைத்துவிடும். யார் கொடுத்தது?"

"தோட்டத்து டிஸ்பென்சர்."

"அவரிடம் சொல்லுங்கள், கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லி."

"கட்டாயம் சொல்கிறேன்," என்றேன். பக்கத்தில் மனோன்மணி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

கொழும்பில் ஒரு கேள்வி

குழாயும் பையுமாகக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூத்திர வியாதிகளுக்கென்றே தனி வாட்டு. ஒருவனுக்குக் கல், ஒருவனுக்குக் கட்டி, ஒருவனுக்கு அடைப்பு. எல்லோர் கட்டிலிலும் ஒரு பை தொங்கியது. எழுந்து நடக்கும்போது கைப்பை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற பெண்கள் மாதிரி அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பெரிய டொக்டர் அமைதியான மனிதர். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கையுறை போட்டார். பின்வழியாக விரலை விட்டுப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"புரஸ்டேட். நீர்ப்பை வாசலில் இருக்கிற சுரப்பி. பாக்கு அளவில் இருக்க வேண்டியது, உங்களுக்கு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து வாசலை அடைத்திருக்கிறது. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, சோதித்துப் பார்ப்போம்." கை கழுவிக்கொண்டே கேட்டார். "டிஸ்பென்சர், முப்பது வருடச் சேவை என்று போட்டிருக்கிறதே. இந்த முப்பது வருடத்தில் எத்தனை பேருக்கு இப்படிப் பார்த்தீர்கள்?"

"ஒருவருக்கும் இல்லை, சேர்."

"ஏன்?"

"வெட்கம்."

"அவர்களுக்கா, உங்களுக்கா?"

நான் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். 

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு ஒப்பரேசன் செய்தார்கள். வெட்டுக் காயம் இல்லை. மூத்திர வழியாகவே கருவியை விட்டு உள்ளே சீவிச் சீவி எடுத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் கிரிக்கெட் பேசினார்கள். என்னுடைய முப்பது வருட மானம் போய்க்கொண்டிருந்த இடத்தில், அடுத்த மேட்சுக்கு யாரை எடுப்பது என்பதுதான் அவர்களுக்குக் கவலையாக இருந்தது. எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது; யாரும் கேட்கவில்லை.

பிறகு இரண்டு நாள், உள்ளே தண்ணீர் போய்க் கழுவிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் இரத்தச் சிவப்பு, அப்புறம் ரோசா நிறம், அப்புறம் வெள்ளை. அந்த மூன்றாவது நாள் காலையில்தான் எதிர்க் கட்டிலுக்கு ஒரு மனிதரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எதிர்க் கட்டில்

முகம் ஊதியிருந்தது. கால்கள் தூண் மாதிரி வீங்கியிருந்தன. கண் திறந்திருந்தாலும் பார்வை எங்கோ இருந்தது. கூட வந்த பெண் என்னைக் கண்டதும் "டாக்டரய்யா!" என்று ஓடிவந்து என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது காளியப்பனின் மனைவி லெட்சுமி.

"நீங்க இங்க இருக்கீங்களே, சாமி கொண்டாந்து விட்ட மாதிரி. அவரப் பாருங்கய்யா. கால் வீங்கிருச்சு, சாப்பாடு எறங்கல, ஆளு யாருன்னு தெரியல. கிளினிக்குல மூத்திரம் நல்லா இருக்குன்னு சொல்லி வீக்கத்துக்கு மட்டும் மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தாங்க."

அப்போது பெரிய டொக்டர் எதிர்க் கட்டிலில் நின்று காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்காக மடித்துக் கிழிந்துபோன ஒரு துண்டைப் பிரித்தார். எனக்கு அது என்னவென்று வாசிக்காமலே தெரிந்தது.

"விசித்திரமாக இருக்கிறது," என்றார் பக்கத்தில் நின்ற டொக்டரிடம். "நீர்ப்பை வெடிக்கிற மாதிரி இருக்கிறது, சிறுநீரகம் இரண்டும் கெட்டுக்கொண்டிருக்கிறது, கிருமி வேறு. ஆனால் இந்த ரிப்போட்டில் ஒன்றுமே இல்லை."

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். குழாய் இழுத்தது. பையைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரிச் சட்டையுடன், வாட்டின் நடுவில் போய் நின்றேன்.

"சேர், அந்த ரிப்போட் அவருடையது இல்லை. அது என்னுடையது."

முழுவதையும் சொன்னேன், சிங்களத்தில். லெட்சுமிக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது பாதி சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிறுத்தவில்லை.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவருடையதை அன்றைக்கே பார்த்திருந்தால் கிருமி தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம்," என்றார். "இப்போதாவது சொன்னீர்கள். போய்ப் படுங்கள்."

லெட்சுமி என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

காளியப்பனுக்கும் குழாய் போட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் அவர் சிறுநீரகம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் என் பையைப் பார்க்கவில்லை, அவர் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனின் மூத்திரம் கூடுகிறதா என்று இன்னொரு மனிதன் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் அவர் கண் தெளிந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

மெல்லத் திரும்பினார். "என்னங்கய்யா, 'நீங்க' போட்டுப் பேசுறீங்க? பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களா?"

சிரிக்க முடியவில்லை. சொன்னேன். வாஷ் பேசினில் கொட்டியதிலிருந்து எல்லாவற்றையும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"லயத்துல இத்தன பேரு இருக்க, ஏன் எம்பேர வச்சீங்க?"

"நீங்க ஜன்னல்ல நின்னு சொன்னீங்களே, அது அப்படியே எனக்கும் இருந்துச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"அப்ப எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேருமா பஸ் ஏறி வந்திருப்போமே."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போகும் நாள் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரட்டுக்களத்தில்

அவருக்கு ஒன்றரை மாதம் குழாய், அதற்குப் பிறகு ஒப்பரேசன். உயிர் தப்பினார். ஒரு சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யும் என்றார்கள். பால் வெட்டுக்குத் திரும்ப முடியவில்லை, நாற்று நேர்சரியில் லேசான வேலை கொடுத்தார் துரை. நான் செய்ததைத் துரையிடமும் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை போகவில்லை. போயிருந்தால் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.

தோட்டத்துக்கு வந்த மறுவாரம் காளியப்பன் டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வந்தார். மருந்துக்கு வரவில்லை.

"லயத்துல இன்னும் ஏழெட்டுப் பேருக்கு இருக்குங்க. எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டா வர மாட்டாங்க. நாளைக்குக் காலையில பெரட்டுல வந்து நீங்க சொல்லுங்க."

"பேர் கூப்பிடுற எடத்துலயா? எல்லா ஆம்பளைங்களும் நிப்பாங்களே. என்னன்னு சொல்றது?"

"எனக்கு மூத்திரம் போகலன்னு சொல்லுங்க."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அவர் கண்ணில் சிரிப்பு இல்லை. மன்னித்துவிட்டதாகவும் தெரியவில்லை. நான் சரி என்றேன்.

மறுநாள் மழைத் தூறல். ஆண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடித்ததும் நான் முன்னால் போனேன். முப்பது வருடச் சொற்பொழிவுகளில் ஒன்றுகூட உதவவில்லை. காளியப்பன் கடைசி வரிசையில் கைகட்டி நின்றார்.

"எனக்கு மூத்திரம் போகல," என்று தொடங்கினேன். ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் நிறுத்தவில்லை. நின்றால் வராதது, நூல் மாதிரி வருவது, மாத்திரை போட்டு அடைத்தது, டொக்டர் விரல் விட்டுப் பார்த்தது. சிரிப்பு அங்கே உச்சத்துக்குப் போனது. பிறகு போத்தல் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

சொல்லி முடித்தேன். மழை சாக்குகளில் விழுந்துகொண்டிருந்தது.

எங்கள் பெரிய கங்காணி ஆறடி உயரம், முறுக்கு மீசை. அவர் இருமினால்கூடக் கூட்டம் நேராக நிற்கும். என்னிடம் ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட வந்ததில்லை. அவர் தலையிலிருந்த சாக்கை எடுத்தார். மடித்துக் கக்கத்தில் வைத்தார். நாலு அடி முன்னால் வந்து, என் காதருகில் குனிந்து சொல்லப்போனவர், நிமிர்ந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"டாக்டரய்யா, எனக்கு மூணு வருசமா."